நூல் பிடித்தால் எவரெஸ்ட்: சென்னையிலிருந்து விமானத் தூரமும் நேரமும்

மேசை மேல் வைக்கும் உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் இறுக்கி இழுங்கள். பசிபிக் பெருங்கடல் வழியாகத்தான் போகும் என்று நினைத்திருந்தால் நூல் ஏமாற்றிவிடும். வங்கக் கடலைத் தொட்டு, பீகாரைத் தாண்டி, கிட்டத்தட்ட எவரெஸ்ட் சிகரத்தின் உச்சந்தலையிலேயே ஏறும். அங்கிருந்து திபெத், மங்கோலியா, சைபீரியாவில் யாகூட்ஸ்க் பக்கம், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே 69 டிகிரி வரை போய், அலாஸ்காவின் மேற்குக் கரையில் இறங்கி, பிறகுதான் கலிபோர்னியா. அந்த நூலின் நீளம் சுமார் 13,900 கி.மீ.

இணையத்தில் ‘சென்னை – சான் பிரான்சிஸ்கோ தூரம்’ என்று தேடினால் வருவது இந்த நூலின் நீளம்தான். பக்கத்திலேயே ‘பயண நேரம் ஏறத்தாழ 17 மணி’ என்றும் போட்டிருப்பார்கள். 13,900-ஐ மணிக்கு 800, 850 கி.மீ. என்று ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்த கணக்கு அது. அந்த நூல் வழியே சென்னையிலிருந்து எந்தப் பயணிகள் விமானமும் போவதில்லை. நேர் விமானமே கிடையாது. ஆனால் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதிலிருந்து டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு எப்படி வருவது என்று தெரிந்துகொண்டால், எந்த வழியில் டிக்கெட் எடுப்பது என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தூரம். பூமியை உருண்டை என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி ‘பெருவட்டம்’. அந்த இரண்டு ஊர்களோடு பூமியின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. கணக்குக்குத் தேவை நான்கே எண்கள்: இரு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். சென்னை மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. லண்டன் ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. மேற்கு என்றால் கழித்தல் குறி போட வேண்டும். தெற்கு அட்சரேகைக்கும் அப்படியே. சிட்னிக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

தீர்க்கரேகை வித்தியாசம் 80.62. இப்போது இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7823 = 0.1759. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன், கூடவே தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன், மூன்றையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989. கூட்டினால் 0.2748. எந்தக் கோணத்தின் கொசைன் இது? 74.05 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. என்று பெருக்கினால் 8,230 கி.மீ.க்குச் சற்று மேலே வந்து நிற்கும். அதே 74.05-ஐ 60-ஆல் பெருக்கினால் 4,443 கடல்மைல். ஒரு கடல்மைல் என்பது பெருவட்டத்தில் ஒரு நிமிடக் கோணம் என்றே பிறந்த அளவு (இன்றைய வரையறை 1,852 மீட்டர்), அதனால்தான் விமானிகள் இன்னும் அதை விடவில்லை. தரையில் சொல்லும் மைல் 1,609 மீட்டர். இரண்டையும் குழப்பினால் தூரம் நூற்றுக்குப் பதினைந்து தப்பிவிடும்.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கணினி விரிதாளில் சைன், கொசைன் போட்டால் அது டிகிரியை ஏற்காது, ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். மாற்றாமல் கொடுத்தால் விடை தாறுமாறாக வரும், வந்த உடனே தெரிந்தும்விடும். இன்னொன்றுதான் கள்ளத்தனமான பிழை. சென்னையின் அட்சரேகையை 12 டிகிரி 59 நிமிடம் என்று எங்கோ பார்த்து, அதை 12.59 என்று எழுதிவிடுவது. 59 நிமிடம் என்றால் 60-இல் 59 பங்கு. ஆகவே 12.98 என்றுதான் வர வேண்டும். 12.59 என்று போட்டால் விமான நிலையம் 43 கி.மீ. தெற்கே நகர்ந்து மாமல்லபுரத்து அட்சரேகைக்குப் போய்விடும். விடை மட்டும் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும்.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டை (நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ.). அதனால் உருண்டைக் கணக்கில் நூற்றுக்கு அரை வரை பிசகலாம். லண்டனுக்கு அது 40 கி.மீ. விமானத்துக்கு மூன்று நிமிடம்கூட இல்லை, விட்டுவிடலாம். ‘விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறதே, வட்டம் பெரிதாகாதா?’ என்றும் கேட்பார்கள். ஆகும். 8,230 கி.மீ.யில் 14 கி.மீ. கூடும். அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கே வாய்த்த ஒரு நல்ல சோடி. சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம்! இரண்டுமே 2,900-க்கும் 2,950-க்கும் நடுவில்தான். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. பறக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலேகால் மணியை ஒட்டியே. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். காலை 10 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் துபாயில் இறங்கும்போது அங்கே மதியம் 12:45. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை 4:45. ஒன்று இரண்டே முக்கால் மணி போலவும் இன்னொன்று ஆறே முக்கால் மணி போலவும் தெரியும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால் என்பது மட்டுமே காரணம். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி 11:45-க்கு மீனம்பாக்கத்தில் நிற்கலாம்.

ஆகவே டிக்கெட்டிலிருந்து உண்மையான பயண நேரம் எடுக்க ஒரே வழி, இரண்டு முனைகளையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. நம் நேரத்திலிருந்து 5:30 கழித்தால் பொது நேரம். சென்னையில் 05:30-க்குக் கிளம்பினால் அது பொது நேரத்தில் சரியாக 00:00. லண்டனில் கோடைக்காலத்தில் 11:50-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், ஒரு மணி கழித்து 10:50. பயண நேரம் 10 மணி 50 நிமிடம். குளிர்காலமாக இருந்தால் கழிக்க ஒன்றுமில்லை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், இந்த இரு நாடுகளின் நேர வித்தியாசமே மாறியிருக்கும். லண்டனில் விமானம் மாறி அமெரிக்கா போகிறவர்கள் அந்த வாரங்களில் இடைவெளியை மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

சரி, 8,230 கி.மீ.க்குப் பத்தே முக்கால் மணி ஏன்? பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியே மணிக்கு 1,062 கி.மீ.தான் போகும். அதில் 0.85 பங்கு என்றால் ஏறக்குறைய 900 கி.மீ. உள்நாட்டுக்கும் சிங்கப்பூர், துபாய் பக்கமும் ஓடும் ஏ320 போன்ற சின்ன விமானங்கள் 0.78 பங்கு, அதாவது 830 கி.மீ. திருச்சிக்குப் போகும் ஏடிஆர் விசிறி விமானத்தின் கணக்கே தனி, 500 கி.மீ.யைத் தாண்டினால் அதிகம். 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணிதான் வருகிறது. மீதி எங்கே போகிறது?

கொஞ்சம் பாதையில் போகிறது. சென்னை – லண்டன் நூல் குஜராத்தைத் தாண்டி பாகிஸ்தான், ஈரான் வழியாகப் போய், சரிபாதி தூரத்தில் காஸ்பியன் கடலுக்கு மேலே நிற்கும். அடுத்து தெற்கு ரஷ்யா, உக்ரைன், போலந்து, ஜெர்மனி. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்யாவும் மூடியது. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூட, இந்தியாவும் பதிலுக்கு மூடியது. மேற்காசியாவில் பதற்றம் வரும்போதெல்லாம் ஈரான், ஈராக் வழிகளும் திடீரெனக் காலியாகும். ஆக, நூல் வழி எங்கோ, விமானம் துருக்கிப் பக்கமாக வளைந்து போவது எங்கோ. ஒரே ஊருக்கு ஒரு நிறுவனம் அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தால் அதன் விமானம் வேகமானது என்று பொருளல்ல, அதற்குத் திறந்திருக்கும் கதவுகள் வேறு என்றே பொருள்.

வான்வெளி திறந்திருந்தாலும் விமானம் நேர்கோட்டில் போவதில்லை. பெயரிட்ட புள்ளிகளை வரிசையாகத் தொட்டுப் போகும் வழிகள் உண்டு. புறப்படும்போதும் இறங்கும்போதும் வட்டமடிக்க வேண்டியிருக்கும். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். 70 டிகிரி, 250 டிகிரி திசைகளைச் சுட்டும் எண்கள் அவை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். கடற்காற்று வீசும் பிற்பகலில், துபாய்க்குப் போக வேண்டிய விமானமும் 07-இல் கடலைப் பார்த்துக் கிளம்பிப் பின்னர்தான் மேற்கே திரும்பும். இவற்றையெல்லாம் சேர்த்தால் லண்டன் வழி 8,600 கி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகையில்லாத மதிப்பு.

எவரெஸ்ட் நூலுக்கும் இப்படியொரு தடை இருக்கிறது, அது அரசியல் தடை இல்லை. சிகரம் 8,849 மீட்டர்தான், விமானம் அதைவிட உயரே பறக்கும். மோதும் பயம் இல்லை. ஆனால் கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடிகளில் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரத்துக்கு வந்தால் பெரிது. அதற்குள் 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியில் தரையே 4,000 மீட்டருக்கு மேல்! எங்கே இறங்குவது? கூடுதல் ஆக்சிஜனும் தப்பிக்கும் வழித் திட்டமும் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது, அதனால் பெரும்பாலானோர் சுற்றிப் போகிறார்கள்.

மீதி நேரத்தைத் தின்பது காற்று. இதில்தான் மக்கள் மனதில் ஒரு தப்பு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்விட வேண்டுமே என்பார்கள். பூமியோடு காற்றுமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ, பெட்டியோடு வருவது மாதிரி. நேரத்தை மாற்றுவது அந்தக் காற்றின் சொந்த ஓட்டம். வட இந்தியா, ஈரான் மேலே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று (மேல்வானத்தில் ஆறு மாதிரி ஓடும் வேகக் காற்று) வீசும், 100 நாட் தாண்டுவது சகஜம். 100 நாட் என்றால் மணிக்கு 185 கி.மீ. லண்டன் போகும்போது முகத்தில், வரும்போது முதுகில்.

வழி முழுக்கச் சராசரியாக 30 நாட், அதாவது 55 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக் கணக்கிடுவோம். காற்றுக்குள் விமானத்தின் வேகம் 905. தரைமேல் வேகம் போகும்போது 850, வரும்போது 960. 8,600-ஐ வகுத்தால் போக 10 மணி 7 நிமிடம், வர 8 மணி 57 நிமிடம். தரையில் உருளுவதற்கும் ஏறி இறங்கும் மெதுவான கட்டங்களுக்கும் 35 நிமிடம் சேர்த்தால் 10:42-உம் 9:32-உம். டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னொன்றையும் கவனியுங்கள்: போகும்போது இழந்ததைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. காற்றே இல்லாவிட்டால் போய் வர 19 மணி, இப்போது 19 மணி 4 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், வாலைத் தள்ளும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம்.

‘மேற்கே போனால் தாமதம்’ என்பதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஜூலையில் சென்னைக்கு மேலே பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் அட்சரேகையில் மேல்வானக் காற்று தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் ஓடும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான். அதன் மையம் விமானங்கள் பறப்பதற்கும் சற்று மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில். ஆனாலும் அதன் இழுப்பு கீழேயும் தெரியும். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் விமானத்துக்குக் காற்று முதுகில். துபாய்க்குப் போவதற்கும் உதவிதான். ஜனவரியில் பார்த்த நேரத்தை வைத்து ஜூலையைக் கணிக்கக் கூடாது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமும் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல் அடுத்த ஊர் வாசலில் சக்கரக்கட்டை வைப்பது வரையான ‘பிளாக் டைம்’. நெரிசலான ஊர் என்றால் நிறுவனங்கள் அதில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைப்பார்கள். முப்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் ‘சரியான நேரத்தில்’ இறங்கும் அதிசயம் அப்படித்தான் நடக்கிறது. எனவே கைக்கணக்குக்கு இது போதும்: நூல் தூரத்தோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து கூட்டி, சின்ன விமானமானால் 800-ஆல், பெரிய விமானமானால் 850-ஆல் வகுத்து, அரை மணி சேர்ப்பது. டெல்லி 1,760 கி.மீ., விடை 2 மணி 47 நிமிடம் வரும், டிக்கெட்டோடு ஒத்துப்போகும். 270 கி.மீ. பெங்களூருக்கு மட்டும் இது சரிவராது. அங்கே உருளுவதும் வட்டமடிப்பதுமே பாதிப் பயணம்.

இப்போது சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். நூல் 13,900. டெல்லியில் மாறினால் 1,760-உம் 12,370-உம் சேர்ந்து 14,130, கூடுவது வெறும் இருநூற்றுச் சொச்சம். நூலைப் போலவே டெல்லியும் நம்மை வடக்கே கொண்டுபோவதுதான் காரணம். ஹாங்காங் வழி 14,800-ஐத் தாண்டும். துபாய் வழி ஏறக்குறைய 16,000. சிங்கப்பூர் 16,500, லண்டன் 16,800-க்கு மேல். துபாய் வழியையும் சிங்கப்பூர் வழியையும் பார்த்தால் தூரத்தில் 500 கி.மீ., நேரத்தில் நாற்பது நிமிடம்கூட இல்லை. டெல்லிக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசமே மூன்றேகால் மணி. இடையில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா எட்டு மணியா என்பதற்கு முன்னால் இதெல்லாம் தூசு. தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பவர் காத்திருப்பை விட்டுவிடுகிறார், விலையை மட்டும் பார்ப்பவர் இரண்டையுமே விட்டுவிடுகிறார்.

பசிபிக் வழியில் இன்னொன்று. ஜப்பானுக்குக் கிழக்கே ஜெட் காற்று பலமானது, ஆகவே போகும்போது லாபம், திரும்பும்போது ஒன்றரை இரண்டு மணி நட்டம். தேதிக்கோட்டையும் தாண்டுகிறோம். சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி இரவு கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு காலை. சனிக்கிழமையைப் பெரும்பாலும் காணவே முடியாது. சென்னையில் சனிக்கிழமை முகூர்த்தத்துக்கு வர வேண்டியவர் இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்.

தேதியில் கோட்டை விட அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். சென்னையின் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00:45 என்று இருந்தால், 12-ஆம் தேதி இரவு சாவகாசமாகப் பெட்டியோடு போய் நிற்பவருக்கு விமானம் முந்தைய இரவே போயிருக்கும். 00:45 என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக, 11-ஆம் தேதி இரவு 9:45-க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், மெட்ரோவில் வந்துவிடலாம். 03:30 விமானத்துக்கு 00:30-க்கு அங்கே இருக்க வேண்டும். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும், ஆகவே கடைசி ரயிலில் வந்து உட்கார்ந்திருங்கள், அல்லது டாக்சியை முன்பே சொல்லி வையுங்கள், அதிலும் தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு.